டிரைவர் வளர்த்த ஈக்கள்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் சும்மா இருந்தால், முதலில் களைத்துப்போவது வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான். தனிக்கட்டையான டிரைவர் தன் தங்கை வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்த சில நாட்களிலேயே அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. சைக்கிள் நிற்க ஒரு கோடு, துடைப்பம் தொங்க ஓர் ஆணி, கோழிகள் கொட்டகைக்குள் போக ஒரு வழி, வெளியே வர இன்னொரு வழி. கோழிகள் மட்டும் இந்த ஏற்பாட்டை மதிக்கவில்லை.

தங்கையை எல்லோரும் முட்டைக்காரம்மா என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய அவளை அவர் மட்டும் இன்னமும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவள் கணவர் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். விடியும்போது போனால் பொழுது சாயத்தான் வருவார். வீட்டின் வரும்படியில் பெரும்பங்கு கோழிகளுடையது. அந்தக் கோழிகளைத்தான் பாதிக்குப் பாதி விற்றுவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். தீவனம் விற்கிற விலையில் கோழி தின்பதற்கும் முட்டை போடுவதற்கும் கட்டுப்படியாகவில்லை.

"கொஞ்சம் பொறு பாப்பா, நான் ஒரு வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் விவசாய அலுவலகத்தில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"என்னண்ணே இது?"

"ஈ. இப்போதைக்குக் கூட்டுப்புழு. கொஞ்ச நாள்ல ஈயாகிடும்."

"ஏன், நம்ம வீட்ல இருக்கிற ஈ பத்தலையா?"

"இது வேற ஜாதி. கருப்பா, நீளமா இருக்கும். வீட்டுக்குள்ள வராது, சோத்து மேல உக்காராது. வளர்ந்த ஈ எதையும் திங்காது, தண்ணி தெளிச்சாப் போதும். அது போடுற முட்டையில இருந்து வர்ற புழுதான் நமக்கு வேணும். அழுகின காய்கறி எல்லாத்தையும் தின்னு கொழுத்துடும். அந்தப் புழுவை உன் கோழி திங்கும். மிச்சம் மீதி எருவாகிடும்."

"அந்தக் கோழி போடுற முட்டையை நான் ஊருக்கெல்லாம் விக்கணும்."

"ஆமா."

"கேக்கும்போதே பசி எடுக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் தங்கை.

செய்தி டீக்கடைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. "அத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், இப்போ ஈ ஓட்டுறாராம்" என்று அங்கே ஒருவர் சொல்ல, மற்றவர்கள் டீயைச் சிந்திச் சிந்திச் சிரித்தார்கள். டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னால் மாடு நின்றாலும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்த பொறுமைசாலி அவர்.

ஈக்கள் பறக்க வலைக் கூண்டு வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். கணவரை இழந்து பல வருடமாகிறது, மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். முன்னறை முழுக்கத் துணியும் நூலும்தான். டிரைவர் ஒரு சுருள் கொசுவலையை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

"அளவு சொல்லுங்க. யாருக்கு?"

"ஈக்கு."

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை நிதானமாக எடுத்தார். "இடுப்பு எவ்வளவு?"

டிரைவருக்கு அது கேலி என்று உறைக்கவில்லை. "இடுப்பெல்லாம் வேண்டாங்க. ஆள் உயரத்துக்குப் பெட்டி மாதிரி இருக்கணும். கையை விட்டு முட்டை எடுக்கிறதுக்கு, பக்கத்துல சட்டைக்கை மாதிரி ஒண்ணு வச்சுடுங்க."

"முழுக்கையா, அரைக்கையா?"

"முழுக்கை" என்றார் டிரைவர், ரொம்ப யோசித்து.

வாயில் குண்டூசி இருந்ததால் தையல்காரம்மாவால் சிரிக்க முடியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அந்தக் குலுங்கலை நினைத்துக்கொண்டேதான் டிரைவர் வீட்டுக்கு வந்தார்.

கூண்டு தயாரானது. கூட்டிலிருந்து ஈக்கள் வெளிவந்தன. முட்டை இட வசதியாக மரச்சில்லுகளை இடுக்கு விட்டு அடுக்கிக் கட்டி வைத்தார். ஈக்கள் பறந்தன, உட்கார்ந்தன, சில நாளில் செத்தும் போயின. முட்டை மட்டும் இடவில்லை. விவசாய அலுவலகத்தில் மறுபடி வாங்கிவந்த அடுத்த தொகுதிக்கும் அதே கதி. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை, கூண்டுக்குள்ளும் ஈயாடவில்லை.

ஒவ்வொரு முறை கூண்டு காலியானதும் அதைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். முதலில் ஜிப் சரியில்லை என்றார். பிறகு மூலைத் தையல் விட்டிருக்கிறது என்றார். அடுத்த தடவை தங்கை வாசலிலேயே மறித்தாள்.

"இப்போ எங்கண்ணே கிழிசல்?"

"இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிழிசல்."

"கண்ணுக்குத் தெரியாததை நீங்க எப்படிப் பாத்தீங்க?"

டிரைவர் தலைமுடியைச் சீவிக்கொண்டு கிளம்பினார்.

ஒருநாள் தையல்காரம்மாவே ஈக்களைப் பார்க்க வந்தார். கொட்டகையின் உள்மூலையில், மேலே சாக்கு வேறு போர்த்தி, கும்மிருட்டில் கூண்டு தொங்கியது.

"என்ன டிரைவர் சார், கரண்ட் கட்டா இங்க?"

"வெயில் படக்கூடாதுன்னு நான்தான் மூடி வச்சேன்" என்றார். பஸ் ஓட்டும்போது ஜன்னல் பக்கம் இருந்த கையைக் காட்டினார். அந்தக் கை மட்டும் வெயிலில் கருத்து, மற்றக் கை வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் பட்ட பாடு அதுங்களுக்கு எதுக்குன்னு..."

தையல்காரம்மா அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை. "வகுப்பு எடுத்தவங்களைக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் அப்போதே போன் போட்டார். வகுப்பு எடுத்த அதிகாரி அம்மாவின் குரல் வெளியே நின்ற கோழிகளுக்கே கேட்டிருக்கும். "சார், நல்ல வெயில் இல்லாம அதுங்க ஜோடியே சேராதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! நீங்க முன் வரிசையிலதானே உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்துதாம்மா இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன்."

கூண்டு வெயிலுக்கு வந்தது. ஒரு வாரத்தில் மரச்சில்லு இடுக்குகளில் வெளிர் மஞ்சளாக, ரவையைப் பிசைந்து அப்பியதுபோல முட்டைகள் தெரிந்தன. டிரைவர் முதலில் ஓடியது தங்கையிடம் அல்ல. தையல்காரம்மா வீட்டு மதில் பக்கம்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென நடந்தது. தங்கையின் கணவர் சந்தையிலிருந்து முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் சாக்கு சாக்காகக் கொண்டுவந்தார். தட்டுகளில் புழுக்கள் அதைத் தின்கிற சத்தம் தூறல்போலக் கேட்டது. கோழிகளோ டிரைவரின் தலை தெரிந்தாலே போதும், வழியாவது வரிசையாவது என்று விழுந்தடித்து ஓடிவந்தன. தீவனச் செலவு பாதியாகக் குறைந்ததும் கோழியை விற்கும் பேச்சை முட்டைக்காரம்மா எடுக்கவே இல்லை. "ஏதோ பரவாயில்ல" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

சோதனை ஒரு மழைநாள் மதியம் வந்தது. டிரைவர் சந்தைக்குப் போயிருந்தார். கொட்டகையின் தார்ப்பாய் விலகித் தட்டுகளில் தண்ணீர் புகுந்தது. முற்றிக் கருத்த புழுக்கள் பொதுவாகவே காய்ந்த இருட்டிடம் தேடி ஊர்ந்து போகும். நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், செங்குத்துச் சுவரிலும் ஏறிவிடும். அவை தட்டை விட்டிறங்கி, மதிலேறி, தையல்காரம்மா வீட்டு ஜன்னல் வழியே உள்ளே போயின. அங்கே மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டிய சீருடைகள், தைத்துத் தேய்த்து மடித்து, பாயில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காய்ந்த இடம், இருட்டான சட்டைப்பைகள். புழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

நனைந்துகொண்டே வந்து சைக்கிளை நிறுத்திய டிரைவருக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"டிரைவர் சார்! உங்க பயணிங்க எல்லாரும் இங்க இறங்கிட்டாங்க!"

உள்ளே போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தையல் மிஷின் மிதியின் மேல் புழு. பொத்தான் டப்பாவில் புழு. சட்டைப் பைகளுக்குள் புழு. தையல்காரம்மா ஸ்டூலில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். குரலில் இருந்த விளையாட்டு முகத்தில் இல்லை.

"காலையில இதைக் குடுத்தாகணும். சொன்ன நாளைத் தவறவிட்டா அடுத்த வருஷம் வேற ஆள்கிட்ட போயிடுவாங்க."

"தப்பு என்னோடதுங்க. தார்ப்பாயைச் சரியாக் கட்டலை. எல்லாத்தையும் நானே உதறித் தர்றேன்" என்றார் டிரைவர். குரல் இறங்கிப்போயிருந்தது.

அதற்குள் தங்கை கூடையில் கோழிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "தள்ளுங்கண்ணே, இது உங்க வேலை இல்ல" என்று அறைக்குள் அவிழ்த்துவிட்டாள். சற்று நேரத்தில் தரையில் ஒரு புழு மிச்சமில்லை. ஒரு கோழி மட்டும் நன்றி சொல்லும் விதமாக ஒரு சட்டையின் காலரில் எச்சமிட்டது. டிரைவர் அதைத் துவைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தானே தேய்த்துக் காயவைத்தார்.

பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பையாக வெளியே இழுத்து உதறினார்கள். தங்கை கோழிகளைக் கூடையில் அடைக்கிற சாக்கில் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் தையல்காரம்மா, கையிலிருந்த டிரவுசரைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் கூண்டை அத்தனை தடவை தூக்கிட்டு வந்தீங்களே. நிஜமா ஒரு தடவையாவது அது கிழிஞ்சிருந்துச்சா?"

டிரைவர் வெகுநேரம் ஒரு சட்டையையே உதறினார். "ஒரு தடவை கிழிஞ்சிருந்துச்சு."

"எப்படி?"

"நான்தான் கிழிச்சேன்."

தையல்காரம்மா இந்த முறை வாய்விட்டுச் சிரித்தார். குண்டூசி எதுவும் தடுக்கவில்லை. வாசலில் தங்கையும் சிரித்த சிரிப்பில் கூடை சாய்ந்து, கோழிகள் மறுபடியும் அறை முழுக்க ஓடின.

சீருடைகள் சொன்னபடி காலையில் போய்ச் சேர்ந்தன. இரண்டு பேர் உதறியும் ஒரே ஒரு புழு தப்பிவிட்டது. அது வகுப்பறையில் ஒரு சட்டைப்பையிலிருந்து மேசைக்கு வந்ததாம். மதியம் அறிவியல் ஆசிரியை அதைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு நேரே தையல்காரம்மாவிடம் வந்து நின்றார். "இது என்ன புழுங்க?" என்று கேட்டதும் தையல்காரம்மா மதில் பக்கம் கையைக் காட்டினார்.

ஆசிரியை கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சண்டைக்கு வந்தவர் இல்லை. அவர் அம்மா வாத்து வளர்ப்பவர். போகும்போது ஒரு டப்பா ஈ முட்டையும், தைத்துத் தருவதாக ஒரு கூண்டுக்கு வாக்கும் வாங்கிக்கொண்டு போனார். அவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். கோழி வைத்திருக்கும் பெண்கள், குட்டையில் மீன் வளர்க்கும் ஒரு தம்பதி, எருவுக்காகக் கத்திரித் தோட்டக்காரர். டிரைவர் முட்டை கொடுத்தார், சொல்லிக் கொடுத்தார். "வெயில்ல வைங்க, வெயில்ல" என்று ஆளுக்கு ஆள் அழுத்திச் சொன்னார், என்னவோ பிறக்கும்போதே அது தெரிந்தவர்போல. தையல்காரம்மாவின் மிஷினில் கொசுவலை ஓடாத நாளே இல்லை என்றானது.

கடைசியில் தங்கைக்குத்தான் பொறுமை போனது.

"அக்கா, நேராவே கேக்கறேன். எங்க அண்ணன் கேக்கணும்னா இன்னும் நாலு கூண்டு கிழிப்பாரு. உங்களுக்குச் சம்மதமா?"

"உங்க அண்ணனுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு," என்றார் டிரைவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு. "எனக்குச் சம்மதம்."

"உங்களைக் கேக்கலை" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தையல்காரம்மா தன் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லி, அவன் ஒரு வார்த்தை மறுக்காமல் "எப்பம்மா?" என்று கேட்டபின், ஒரு காலை வேளையில் கல்யாணத்துக்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். டிரைவர் போட்டிருந்த புதுச்சட்டை தையல்காரம்மா தைத்தது. கழுத்து சற்று இறுக்கம். அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. முட்டைக்காரம்மாவும் கணவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் மூக்கை உறிஞ்சி, எங்கிருந்தோ கோழி வாடை வருகிறதே என்றார். வெளியே வந்ததும் நால்வரும் வேகவேகமாக நடந்தார்கள். புழுக்களுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.