ஹெண்டன் ஹாலில் ஒரு துண்டு சீஸ்கேக்

"ஒரு மணி நேரமா! மதியச் சாப்பாட்டுல கறியைத் தின்னுட்டு ஒரே மணி நேரத்துல சீஸ்கேக்கா? நாக்கு கூசலையா உங்களுக்கு?"

ப்னீனாவின் குரல் ஹெண்டன் யூத ஜெபாலய ஹால் முழுக்கக் கேட்டது. எதிரே இருந்த மெயர் ட்ரூக்கர் கேக்கை நிதானமாக விழுங்கிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"கறிக்கும் பாலுக்கும் நடுவுல ஆம்ஸ்டர்டாம்ல எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து ஒரு மணி நேரம்தாங்க. உங்க வீட்டுல எவ்வளவு?"

"ஆறு!"

"அடேயப்பா. அதுக்குள்ள அடுத்த வேளைக்கே பசிச்சிருமே!"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. வரன் பார்க்கும் இந்த ஸ்பீட் டேட்டிங் தொடங்கும்போதே, அதை நடத்தும் ஸெல்டா ஆன்ட்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: பெண்கள் இடத்தை விட்டு எழக் கூடாது, மணி அடித்தால் ஆண்கள் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும், பழைய காதல், சம்பளம், மதச் சண்டை பற்றி மூச்சு விடக் கூடாது. பிடித்தவர் பெயருக்கு எதிரே சீட்டில் ஒரு டிக். இருவரும் போட்டிருந்தால் போன் நம்பர் கிடைக்கும். ஒருவர் மட்டும் போட்டிருந்தால் ரகசியம் காக்கப்படும்.

ஸெல்டா காக்கும் ரகசியம் வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் வெந்துவிடும் என்பது ஹெண்டனில் கைக்குழந்தைக்கும் தெரியும். போன வருஷம் ஒரு பல் டாக்டருக்கு டிக் போட்டாள் ப்னீனா, அவன் போடவில்லை. கறிக்கடைக்காரர் வரை அவளிடம் துக்கம் விசாரித்தார்கள். முப்பத்தேழு வயதில் அது ஒரு முறை போதும். இந்தத் தடவை அம்மாவின் நச்சரிப்புக்காக வந்து உட்காருவது, சீட்டை வெறுமையாகவே நீட்டிவிட்டுப் போவது என்று சபதம்.

மணி அடித்தது. மெயர் நகரவில்லை.

"ஆறு மணி நேரம்னு எங்க எழுதியிருக்கு?"

"ஒரு மணி நேரம்னு எங்க எழுதியிருக்கு? அதை முதல்ல காட்டுங்க!"

அடுத்து உட்கார வேண்டிய கணக்காளர் லைபல் தேநீர்க் கோப்பையோடு நின்றான். அவன் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன். நிலைக்கு வராத தேர்போல வட்டம் மொத்தமும் நின்றுபோனது. ஸெல்டா மணியை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"மிஸ்டர் ட்ரூக்கர், எழுந்திரிங்க! இதென்ன உங்க மாமியார் வீடா?"

"இன்னும் இல்லைங்க" என்று எழுந்தார் மெயர். ப்னீனாவின் காது மடல் சிவந்தது.

லைபல் உட்கார்ந்தான். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ஆறு மணி நேரம்தான்." மழை பிடிக்காது என்றாள், தனக்கும் ஆகாது என்றான். சும்மா, பிடிக்கும் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள், அவனுக்கும் பிடித்துவிட்டது. ப்னீனாவின் கண் மூன்று மேசை தாண்டிப் போனது. அங்கே ஒருவர் இரண்டாவது துண்டில் இருந்தார்.

கடைசியில் பென்சில் கையில் ரொம்ப நேரம் நின்றது. போட்டால் ஊர் சிரிக்கும். போடாவிட்டால் லைபல்கள்தான் கதி. போட்டாள்.

சீட்டை வாங்கிய ஸெல்டா கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "ட்ரூக்கருக்கா! நீ கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சேடி!"

"கேக்கட்டும் ஆன்ட்டி. இத்தனை பேர்ல சண்டை போடத் தோணினது அவர்கிட்ட மட்டும்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு மனசுல வெச்சு நோகுறீங்க, இப்பவே சொல்லிடுங்க."

வாசலில் மெயர் நின்றிருந்தார், காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு கேக்கோடு.

"உங்க ஆறு மணி நேரம் எப்போ முடியுது?"

"ஏழரைக்கு."

"அப்போ பார்க்ல உட்காரலாம். கோடைதானே, வெளிச்சம் இருக்கும்."

குளிர்காலத்து ஹனுக்கா பண்டிகைக்கு முன்பே கல்யாணம் முடிந்து, ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோனார்கள். லைபலை ஸெல்டா தன் மகளுக்கே கட்டி வைத்துவிட்டாள். தலையாட்டத் தெரிந்த ஆள் அந்த வீட்டுக்கு அவசியம்தான். புருஷன் வீட்டு வழக்கம்தான் மனைவிக்கும் என்று மதகுரு ரபி சொல்லியிருந்தாரே, ப்னீனா மாறினாளா என்று பார்க்க ஸெல்டா ஆம்ஸ்டர்டாமுக்கே போய் வந்தாள். அங்கே இருவருக்குமே மூன்று மணி நேரமாம். ரெண்டு பக்கத்துச் சம்பந்திகளுக்கும் இன்றுவரை மனம் ஆறவில்லை.