ஐந்தாம் பாகத்தில் இல்லாத பெண்

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் திருத்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. முப்பத்தைந்து வருடம் மெய்ப்புப் பார்த்த மனிதர். பல்வலி என்று விடுப்புக் கேட்டு ஒருவன் எழுதிக் கொடுத்த கடிதத்தில் மூன்று இடங்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாரே ஒழிய, பல் எப்படி இருக்கிறது என்று வாயைத் திறந்து கேட்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் ஆயுளில் ஒரே ஒரு தடவை, சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வினைதான் இந்தக் கதை.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் 'ஏழாம் நடைமேடை' என்று ஒரு தொடர் வந்தது. பதின்மூன்று பாகம். ரயில் நிலையத்தில் ஒரு இன்ஸ்பெக்டர். வாரம் ஒரு குற்றம். அடிதடி கிடையாது, துப்பாக்கி கிடையாது. மனிதர் கிழிந்த டிக்கெட்டுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு யோசிப்பார். நிமிடக்கணக்கில் யோசிப்பார். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடும். இன்றைக்கு அப்படி ஒரு காட்சி வைத்தால் டிவி கெட்டுப்போச்சு என்று தட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அதில் ஆறு பாகம் இப்போது இல்லை. நிலையத்துக்காரர்கள் டேப்பை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பழையதை அழித்து, அதன் மேலேயே பந்து விளையாட்டைப் பதிந்துவிட்டார்கள். நாசமாய்ப் போக! அந்தப் பந்தை எவன் அடித்தான், எவன் பிடித்தான் என்று இன்றைக்கு ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

படம் போய்விட்டது. சத்தம் மட்டும் திருத்தத்தின் வீட்டில் தப்பித்துக் கிடந்தது.

அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். தொடர் வரும் நாளில் டிவிக்கு முன்னால் ஒரு முக்காலி போடுவார். அதன் மேல் டேப்ரெக்கார்டர். மைக்கை டிவியின் ஸ்பீக்கருக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணி நேரம் வீட்டில் ஊரடங்கு. இருமக் கூடாது, தும்மக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆள்காட்டி விரல் மட்டும் உதட்டுக்குப் போகும்.

ஐந்தாம் பாகம் வந்த அன்று அவர் மனைவி ஊரடங்கை மீறினாள். இன்ஸ்பெக்டர் டிக்கெட்டுகளைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்த நேரம். அறை வாசலிலிருந்து அவள் சொன்னாள்: "சாப்பாடு ஆறிப்போகுது. வாங்களேன்."

விரல் உதட்டுக்குப் போனது. குரல் டேப்பில் ஏறிவிட்டது. பிறகு எத்தனையோ வருடம், அந்த டேப்பைப் போடும்போதெல்லாம், "பாத்தியா, நீ கெடுத்த இடம் வருது" என்பார். "அந்த நாடகத்துலயே உருப்படியா ஒரு வசனம் பேசினது நான் ஒருத்திதான்" என்று அவள் சிரிப்பாள்.

அவள் போய்ப் பதினோரு வருடமாகிறது. மற்ற டேப்புகளை அதற்குப் பிறகும் நூறு தடவை கேட்டிருப்பார். ஐந்தாவதை எடுக்கவே இல்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மகளோடு இருக்கிறார். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் வந்து சமைப்பாள். "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடும்போது இவர் காதில் ஹெட்போனோடு டேப் கேட்டுக்கொண்டிருந்தால், பழைய விரல் தானாக எழுந்து உதட்டில் உட்காரும். அவள் தட்டை மூடி வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டு எழுந்து போவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துவிட்டது.

போன வருடம் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. காணாமல் போன ஆறு பாகத்துக்கும் அனிமேஷன் படம் வரைந்து, அவருடைய ஒலியோடு சேர்த்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காக வெளியிடப் போகிறார்களாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு டேப்பையும் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

படம் வரைகிற குழுவின் தலைவி முப்பது வயதுப் பெண். பென்சிலைக் கொண்டையில் செருகி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், டேப்புல நாடகத்துச் சத்தம் எது, உங்க வீட்டுச் சத்தம் எதுன்னு எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக் குடுங்க. வீட்டுச் சத்தத்தை எடுத்துடுவோம். மிச்சம் எது கேட்டாலும் அதுக்குப் படம் வரைஞ்சுடுவோம்."

திருத்தம் எழுதினார். பாகம் இரண்டு: பக்கத்து வீட்டு நாய், இரு முறை. பாகம் மூன்று: என் இருமல், மன்னிக்கவும். பாகம் நான்கு: தட்டு விழும் ஓசை. ஐந்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். அதைப் போட்டு, அவள் குரல் எந்த நிமிடம், எந்த வினாடி என்று குறித்து, 'நீக்குக' என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். முடியவில்லை. 'பாகம் ஐந்து: சுத்தம்' என்று எழுதிவிட்டார். எப்படியும் கேட்டால் தெரியாமலா போகும், அவர்களே எடுத்துவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அடித்து எழுதவில்லை.

ஏழு மாதம் கழித்து, போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய சின்ன அறை. நாற்காலிகள் நாலைந்து, சுவரில் பெரிய திரை. தலைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு, மூன்று, நான்கு ஓடின. நன்றாகவே வரைந்திருந்தார்கள். மிஞ்சியிருந்த ஏழு பாகத்தையும் பார்த்துப் பார்த்து இன்ஸ்பெக்டரின் மூக்கைக்கூட விடாமல் பிடித்திருந்தார்கள். திருத்தத்துக்குச் சும்மா இருக்க வருமா? "தொப்பியில பட்டை அகலம் ஜாஸ்தி", "மூணாவது நடைமேடையில அப்ப விளக்குக் கம்பம் கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். தலைவி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

ஐந்தாம் பாகம் வந்தது. இன்ஸ்பெக்டர் டிக்கெட்டுகளைப் பரப்பினார். கடிகாரம் ஓடியது. திருத்தம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில்தான். எடுத்திருப்பார்கள். எடுத்திருக்க வேண்டும்.

திரையில், இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். உயரமாக, ஒல்லியாக, இடுப்பில் கேன்டீன் ஏப்ரன் கட்டியிருந்தாள். வாயைத் திறந்தாள்.

"சாப்பாடு ஆறிப்போகுது. வாங்களேன்."

ஐயோ! அவளேதான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிற அந்தக் குரல். பதினோரு வருடமாகக் கேட்காத குரல், யாரோ ஒரு ஒல்லிப் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. எப்படித் திரும்புவார்? அவர் நாடகத்தில் அப்படி ஒருத்தியே கிடையாதே.

அந்தப் பெண் போகவில்லை. நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி. அதற்கப்புறம்தான் செருப்புச் சத்தம் கேட்டது, மெதுவாக, தேய்ந்து தேய்ந்து. கதவு சாத்திக்கொண்டது.

பழைய டேப்பின் இரைச்சலில் அந்தச் செருப்புச் சத்தம் திருத்தத்தின் காதில் விழுந்ததே இல்லை. இங்கே இரைச்சலை வடிகட்டியிருந்தார்கள். சொல்லிவிட்டு உடனே போய்விட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். நின்றிருக்கிறாள். இவர் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"சார்? என்ன சார், தண்ணி வேணுமா?"

"நிறுத்தும்மா."

நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"அதுதான் சார் எங்களுக்கும் தெரியலை. நடிகர் பட்டியல்ல இல்ல. இன்ஸ்பெக்டர் சம்சாரமா இருக்குமோன்னு பார்த்தோம்..."

"இன்ஸ்பெக்டருக்குக் கல்யாணமே ஆகலை!" கண்ணில் தண்ணீரோடு மனிதர் பாய்ந்தார்.

"அதனாலதான் கேன்டீன்காரம்மான்னு முடிவு பண்ணி வரைஞ்சோம். நீங்க சுத்தம்னு எழுதியிருந்தீங்க. நீங்க எழுதினா அப்பீலே கிடையாதுன்னு இங்க எல்லாரும் சொல்லுவோம்."

சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் குரல் இனிமேல் எத்தனையோ வீடுகளில் கேட்கும். அவர் போன பிறகும் கேட்கும். அந்த ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் சிவப்புப் பேனா பிடித்த கையாயிற்றே.

"அது என் வீட்டுக்காரி" என்றார். "நான்தான் தப்பா எழுதிட்டேன். அந்த டேப்பை நான் கேட்கவே இல்ல. கேட்க முடியலை."

தலைவி கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்தாள், திரும்பச் செருகிக்கொண்டாள்.

"எடுத்துடும்மா. பிழை பிழைதான். நாடகம் சரியா வரணும்."

"சரி சார்."

"எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போடேன்."

போட்டாள். கதவு திறந்தது, குரல் வந்தது, நாலு வினாடி, செருப்பு. திருத்தம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இவ்வளவு ஒல்லி கிடையாது" என்றார். "குட்டையா, குண்டா இருப்பா. என்கிட்ட அடிச்சுப் பேசுவா." சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியாதா?"

"எப்படி சார், பதில் சொல்ல இன்ஸ்பெக்டர் குரல் இல்லையே?"

"குரல் வேண்டாம். திரும்பினாப் போதும்."

அவள் போட்டோவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் டிஸ்க் வெளிவந்தது. ஐந்தாம் பாகத்தில் இன்ஸ்பெக்டர் தனியாக உட்கார்ந்து, நாற்பது வினாடி, யாருடைய தொந்தரவும் இல்லாமல் யோசித்தார். கடிகாரச் சத்தம்கூடக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. திருத்தம் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை.

மறுவாரம் தபாலில் தனியாக ஒரு டிஸ்க் வந்தது. உறைக்குள் போட்டோவும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'சார், ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு படம் வரையணும். வேலை முடிஞ்ச பிறகு வரைஞ்சேன். இது விற்பனைக்கு இல்லை. உங்களுக்கு மட்டும். தப்பு இருந்தா சொல்லுங்க.'

மகள் அடுக்களையில் இருந்தாள். திருத்தம் டிஸ்க்கைப் போட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

டிக்கெட்டுகள். கடிகாரம். கதவு திறந்தது. வாசலில் அவள் நின்றாள். குட்டையாக, குண்டாக, போட்டோவில் கட்டியிருந்த அதே புடவையில், கையில் கரண்டியோடு.

"சாப்பாடு ஆறிப்போகுது. வாங்களேன்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டிக்கெட்டைக் கீழே வைத்தார். மெல்லத் திரும்பினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். உதடு அசையவில்லை. நாலு வினாடியும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் செருப்புச் சத்தம்.

திருத்தம் மறுபடி போட்டார். அவள் கூப்பிட்டாள். இவர் வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் செருப்பு நகர்ந்துவிட்டது. சை! மூன்றாம் தடவை போட்டார். இந்தத் தடவை விடவில்லை. அவள் சொல்லி முடித்த கையோடு எழுந்து நின்று, வீடே கேட்கச் சொன்னார்:

"வந்துட்டேன்! இதோ வந்துட்டேன்!"

திரையில் அவள் நாலு வினாடி நின்றாள். பிறகு போனாள்.

மகள் அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "என்னப்பா? நான் இன்னும் கூப்பிடவே இல்லையே?"

அவர் திரும்பினார். வாசலில் நின்றிருந்தவளை நன்றாகப் பார்த்தார். அவளும் குட்டைதான், இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

"தெரியும்மா" என்றார். டிவியை அணைத்தார். "சூடா இருக்கும்போதே போடு. உனக்கும் சேர்த்துப் போட்டுக்கோ."