மூக்கில் இரண்டு சொட்டு

தஹ்மீனா கண்டுபிடித்த சொட்டு மருந்தை மூக்கில் வாங்கிக்கொண்ட நாற்பத்தொரு பேரும், தும்மும்போதெல்லாம் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பினார்கள். பட்டுக்கோட்டையில் அந்த வாரம் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

கக்குவான் இருமலுக்குத்தான் ஊசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஊசி போட்டவருக்கு இருமல் வராது. ஆனால் கிருமி அவர் மூக்கில் ஓசியில் குடியிருந்து, ஊசி போடும் வயதுகூட ஆகாத பச்சைப்பிள்ளை மேல் தாவிவிடும். நம் ஊரிலோ கொஞ்சுவதே மூக்கால்தான். பிள்ளையை உச்சி முகராமல் யாரும் வீடு திரும்புவதில்லை. தஹ்மீனாவின் தங்கை சஃபியா முதல் குழந்தையை அப்படித்தான் பறிகொடுத்தாள். இரண்டாவது பிறந்ததும் அறைக்கதவைச் சாத்தியவள், தன்னைப் பெற்ற தகப்பன் மூஸாவைக்கூட உள்ளே விடவில்லை. தேங்காய் மண்டியில் அத்தனை பேரை அதட்டுகிற மனிதர், மூடிய கதவின் முன் நின்று அழுதார். மறுநாளே மூத்த மகளின் மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்து, சொந்தக்காரர்கள் நாற்பது பேரையும் இழுத்து வந்துவிட்டார்.

பிறகு என்ன, ஒரே கூத்துதான். மூஸா மண்டியில் தும்மி, குவியலின் உச்சியிலிருந்த தேங்காயை ஏணியில்லாமல் எடுத்தார். மருமகள் ஆஷிகா டவுன் பஸ்ஸில் தும்மிக் கூரையில் இடித்துக்கொள்ள, "உக்காந்து வாங்கக்கா" என்றார் கண்டக்டர், டிக்கெட் கிழித்தபடியே.

தஞ்சாவூரிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களின் படிவத்தில் காய்ச்சலுக்கும் மூக்கடைப்புக்கும் கட்டம் இருந்தது, எழும்புவதற்கு இல்லை. சோதனையை நிறுத்திவிடலாம் என்றார்கள். தஹ்மீனா விடவில்லை. தெருவே இருமிய மாதத்தில் அந்த நாற்பத்தொரு மூக்கிலும் ஒரு கிருமி இல்லை என்ற முடிவை அவர்கள் முன் வைத்தாள். குழுத்தலைவர் இளையபெருமாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மேலே எழும்புவது தொந்தரவாக இருக்கிறதா என்று மூஸாவைக் கேட்டார்.

"பேத்திய இன்னும் தொட்டுப் பாக்கலைங்க. அதான் தொந்தரவு."

இளையபெருமாள் 'மற்றவை' என்ற இடத்தில் 'எழும்புதல், லேசானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழந்தைக்கு நாற்பதாம் நாள் நாற்பத்தொரு பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே சஃபியா, அக்கா கொடுத்த சோதனை முடிவுத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுந்து சீலிங் ஃபேனை நிறுத்தினாள். பிறகு கதவைத் திறந்து, தகப்பனைப் பார்த்து, "முதல்ல நீங்க வாங்கத்தா" என்றாள்.