ஏரி எந்தப் பக்கம்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. கழுத்தைச் சுற்றித் துணி, எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள், என் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவர் முழுக்க ஒரு மலையும் ஏரியும்! "என் தங்கச்சி வரைஞ்சது. எங்க ஊரு," என்றார் கடைக்காரர். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அரைகுறை முடியோடு எழுத ஓடிவந்துவிட்டேன்.

2

'பிறந்த மண்ணைப் பிரிந்தோர் நெஞ்சில் என்றும்—'

சே, மேடைப் பேச்சு. அடித்தாயிற்று.

'தங்கை ஏணியில் நின்றாள்.' ஆங், இதுதான்! ஏணி வந்ததும் கதைக்கு உயிர் வந்துவிட்டது.

3

ஊரைவிட்டு வரும்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாறு. அதனால் ஊர் அவனுடைய சொத்து, இவள் இரவல் கேட்பவள் என்றாகிவிட்டது. அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. மலையைப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தால் ஏரிக்காற்று இடது கன்னத்தில் அடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. அதை நம்பித்தான் கடைச் சுவரில் தூரிகையை வைத்தாள்.

(அண்ணனை முதலில் வில்லனாக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. சுவரையே தூக்கிக் கொடுத்தவன் எப்படி வில்லனாவான்? வாய்தான் கொஞ்சம் நீளம்.)

ஒருவர் தலையில் கத்தரி ஓடிக்கொண்டிருக்க, அவன் சொன்னான்: "ஏரி பக்கம் மாறிக் கிடக்குடி. ஆறு வயசுல வந்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது!"

இருந்த ஒன்றும் பொய்யென்றால் அவளுக்கு ஊரே இல்லை. வரைந்ததை அழித்துவிட, பெயிண்ட் உருளையை வெள்ளையில் முக்கினாள்.

4

ஐயோ, நிறுத்தும்மா! (எழுதுகிறவன் கத்தினால் பாத்திரத்துக்குக் கேட்காது. அவளையே பேசவைக்கிறேன்.)

"எந்தப் பக்கம்தான் இருக்கணும்?"

அவன் திரும்பாமலே சீப்பு பிடித்த இடது கையைத் தூக்கினான். "இடது பக்கம்."

"இடது பக்கம்தானே வரைஞ்சிருக்கேன்! நீ எதைப் பாத்துப் பேசறண்ணா?"

"கண்ணாடில..." என்றவன் அப்படியே நின்றான். நாள் முழுக்கக் கண்ணாடியோடு குடும்பம் நடத்துகிறவன், சுவரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை!

இப்போது திரும்பினான். கத்தரி நின்றது. கை தானாக இடது கன்னத்துக்குப் போயிற்று.

"இங்கதாண்டி காத்து அடிக்கும்."

"உனக்குமா?" என்றாள் அவள்.

(இந்த வரியை எழுதிவிட்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.)

5

ஆனால் சிக்கல் தீரவில்லையே. வருகிறவர்கள் கண்ணாடியில்தானே பார்ப்பார்கள்? அதில் ஏரி வலது பக்கம் போய்விடுமே!

முடிவு ஒன்று: கண்ணாடிக்குள் சரியாகத் தெரியட்டும் என்று, தங்கை சுவரில் ஊரை இடம் வலமாக மாற்றி வரைகிறாள்.

முடிவு இரண்டு: "கண்ணாடியக் கழட்டிடலாம்," என்கிறான் அண்ணன். "அப்புறம் கடைக்கு எவன் வருவான்?" என்று தங்கை சிரிக்கிறாள்.

முடிவு மூன்று: அன்று நான் பார்த்தபோது—

ஏரி எந்தப் பக்கம் இருந்தது? சத்தியமாக நினைவில்லை. அவசரத்தில் நானும் திரும்பிப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

உருளை இன்னும் அவள் கையில்தான், வெள்ளை சொட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது சுழலும். காலை ஊன்றித் திரும்பிப் பாருங்கள். காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.