வரியின் முதல் வார்த்தை

மிசஸ் புரூபேக்கரின் கார் சரளைக்கல் பாதையில் திரும்பும் சத்தம் கேட்டபோது கெண்ட்ரா சமையலறை மேசையை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. புளிப்பான ரூபார்ப் தண்டுகளை உள்ளே வைத்துச் சுட்ட பை ஆறிக்கொண்டிருந்தது, காபி தயாராக இருந்தது, கறுப்பு அட்டைக் கோப்பு நடுவில் நேராக வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோப்புக்குள் மகள் டெல்லாவின் ஒரு வருஷப் படிப்பு முழுவதும் இருந்தது: கணக்குத் தாள்கள், பறவைகளின் படங்கள், படித்த புத்தகங்களின் பட்டியல், கடைசியில் எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதிய கூட்டெழுத்துப் பக்கங்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் முடிவதற்குள் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, கோப்பைப் பார்த்து, பிள்ளையிடம் பேசி, "இந்த வீட்டில் ஒழுங்காகப் படிப்பு நடந்திருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வீட்டில் பாடம் சொல்லித்தருகிற எல்லாருக்கும் இதே விதிதான். போன வருஷம் வந்த அம்மாள் பையை ருசி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டாள். அவள் இப்போது ஃபுளோரிடாவில் மகனோடு இருக்கிறாள். இந்த மிசஸ் புரூபேக்கரைக் கெண்ட்ராவுக்குத் தெரியாது.

கையெழுத்துக் கிடைக்காவிட்டால் ஆகஸ்டில் டெல்லா டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். கெண்ட்ராவுக்கும் அவள் கணவன் வெய்னுக்கும் அதுதான் பேச்சு. வெய்ன் பால் லாரி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன், ஆனால் ஒரு பேச்சைப் பேசிவிட்டால் மாற மாட்டான். இன்று காலையில்கூட, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

"பாரு கெண்ட்ரா, அந்தம்மா சரின்னா சரி. இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது. ரெண்டு வருஷம் பாக்கலாம்னு நீதான் சொன்ன."

"தெரியும் போ. பாலு திரிஞ்சிடப் போகுது."

டெல்லா இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் கெண்ட்ராவுக்கு இன்னமும் மறக்கவில்லை. தினமும் காலையில் பேருந்து நிறுத்தத்தில் வாந்தி. எழுத்துகள் அவளுக்கு நிற்கவே நிற்காது. ஒன்று வலப்பக்கம் பார்க்கும், அதுவே மறுநாள் இடப்பக்கம் பார்க்கும். அந்த வகுப்பு டீச்சர் கெட்டவள் இல்லை, இருபத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும்தான் என்ன செய்வாள்? ஆனால் பிள்ளை பென்சில் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வெள்ளைத் தாளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருக்குமாம். ஒருநாள் மதியம் கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்த கெண்ட்ரா, அந்த வாரமே கால்நடைத் தீவனக் கடை வேலையை விட்டாள். "கோழித்தீனி வித்தவ டீச்சர் ஆயிட்டாப்பா" என்று வெய்ன் கேலி செய்தான். செய்துவிட்டு, மேசைக்கு மேலே நல்ல விளக்கு ஒன்றையும் அவனே வாங்கி மாட்டினான்.

கூட்டெழுத்து யோசனை வியாழக்கிழமைக் கூட்டத்தில் கிடைத்தது. வீட்டில் பாடம் நடத்துகிற தாய்மார்கள் பிள்ளைகளோடு சர்ச் கூடத்தில் கூடுவார்கள். அங்கே ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற ஒருத்தி சொன்னாள்: "தனித்தனியா நிக்கிற எழுத்துலதான் எந்தப் பக்கம் திரும்புறதுன்னு கொழப்பம். சேத்து எழுதச் சொல்லிப் பாரு. கை ஒரே பக்கமா ஓடும், வார்த்தை முடியறவரைக்கும் பென்சிலத் தூக்கவே வேணாம்." கெண்ட்ரா வீட்டுக்கு வந்து ஒரு கேக் தட்டில் சோளமாவைப் பரப்பி, டெல்லாவின் விரலைப் பிடித்து ஒரு வளைவு போட்டாள். பிறகு இன்னொன்று. மூன்று வாரம் மாவில்தான் எழுத்து. பழசான மாவெல்லாம் கோழிகளுக்கு. தாளுக்கு வந்தபோது இன்னொரு தொல்லை, டெல்லா இடக்கைக்காரி வேறு. எழுதியதன் மேலேயே கை உரசிக்கொண்டு போகும், உள்ளங்கை ஓரம் எப்போதும் கரியாக இருக்கும். தாளை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் கை வரிக்குக் கீழேயே போகும் என்று கண்டுபிடிக்கவே நவம்பர் ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை தாள்தான். வெள்ளைத் தாளைக் கண்டதும் பிள்ளைக்குப் பழைய பயம் வந்தது. அதனால் கெண்ட்ரா ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தையை மட்டும் பென்சிலால் மெலிதாகத் தன் கையெழுத்தில் எழுதி வைத்தாள். டெல்லா அதன் மேலேயே எழுதிப் பார்த்து, அப்படியே தொடர்ந்து ஓடிவிடுவாள். சைக்கிள் ஓட்டிப் பழகும்போது பின்னால் பிடித்துத் தள்ளிவிடுவோமே, அந்த மாதிரி. பிப்ரவரியில் அவள் அரைப் பக்கம் எழுதினாள். ஏப்ரலில் ஆந்தையைப் பற்றி, பால் லாரியைப் பற்றி, செத்துப்போன ஒரு கோழியைப் பற்றி முழு முழுப் பக்கமாக எழுதினாள். அடேயப்பா, என்ன ஓட்டம்! வெய்ன்கூட ஒரு பக்கத்தை எடுத்துப் போய் லாரியில் ஒட்டி வைத்துக்கொண்டான். காபி கொதிக்கிற நேரத்தில் முதல் வார்த்தைகளை எழுதி வைப்பது கெண்ட்ராவுக்குத் தலை சீவுவது மாதிரி பழக்கமாகிவிட்டது. அதை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மிசஸ் புரூபேக்கர் உயரமானவள், குட்டையாக வெட்டிய நரை முடி, முப்பது வருஷம் வகுப்பறையில் நின்ற முதுகு. பை நன்றாக இருக்கிறது என்றாள், இரண்டாவது துண்டு வேண்டாம் என்றாள். டெல்லாவைப் படிக்கச் சொன்னாள். டெல்லா கொஞ்சம் திணறி, ஆனால் நிறுத்தாமல் படித்தாள். கணக்கு சரி. பறவைப் படங்களைப் பார்த்து, "இந்த மரங்கொத்தி எங்க வீட்டுக் கூரையையும் விட்டு வைக்கல" என்றாள். டெல்லா சிரித்தாள். கெண்ட்ராவுக்கு மூச்சு சீராக வந்தது.

கடைசியில் கூட்டெழுத்துப் பக்கங்கள். மிசஸ் புரூபேக்கர் ஒன்றைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு நிமிர்ந்து குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். அங்கே காந்தத்தின் கீழே கெண்ட்ரா எழுதிய மளிகைப் பட்டியல் தொங்கியது. மறுபடி கோப்பைப் பார்த்தாள்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"டெல்லாதான்."

"எல்லாமேவா?"

கெண்ட்ராவுக்குக் காது சூடானது. அவளுக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது: அதே சாய்வு, அதே நீட்டமான வால், வார்த்தைக்கு வார்த்தை அதே இடைவெளி. எட்டு மாதமாகத் தன் கையெழுத்தின் மேலேயே பிள்ளையை நடக்க விட்டிருக்கிறாள். நகல் எடுத்தது மாதிரி இருந்தது.

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"அப்படி நான் சொல்லல, கெண்ட்ரா. ஆனா கையெழுத்துப் போடப்போறது நான். அதான் கேக்கறேன்." அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டெல்லாவின் முன்னால் வைத்தாள். "கண்ணு, எதப் பத்தி வேணாலும் எழுது. ரெண்டு வரி போதும்."

டெல்லா தாளை வலப்பக்கமாக அழகாகச் சாய்த்தாள். இடக்கையில் பென்சிலை எடுத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. பென்சில் முனை தாளைத் தொடவில்லை. மெல்ல மெல்ல அவளுடைய வலக்கை வயிற்றுக்குப் போனது, உதடு பல்லுக்குள் போனது. ஐயோ, அந்த இரண்டாம் வகுப்பு முகம்! எட்டு மாதமாகக் காணாத முகம். போய்த் தொலைந்தது என்று கெண்ட்ரா நினைத்திருந்த முகம்.

தன்னை அறியாமலே கெண்ட்ராவின் கை பென்சில் டப்பாவுக்குப் போயிருந்தது. கையில் பென்சிலைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"முதல் வார்த்தைய நான் எழுதிக் குடுப்பேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒவ்வொரு வரிக்கும். லேசா. அதுக்கு மேலதான் அவ எழுதுவா. மிச்சமெல்லாம் அவளேதான், சத்தியமா."

"எத்தன நாளா?"

"தெனமும்."

மிசஸ் புரூபேக்கர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இப்ப ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா எழுதிடுவாளா?"

"பக்கம் பக்கமா எழுதுவா."

"அப்ப குடுங்க, பாத்துடலாம்."

கெண்ட்ரா குனிந்தாள். பென்சில் முனைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு அரிசி மணி இடம்தான். பக்கத்தில் டெல்லாவின் தோள்கள் தளர்ந்து இறங்குவதையும், வயிற்றைப் பிடித்திருந்த கை விடுவதையும் அவள் உணர்ந்தாள். ஒரு வார்த்தை. எழுதிவிட்டால் பிள்ளை ஓடிவிடும், கையெழுத்துக் கிடைத்துவிடும், ஆகஸ்டில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பேருந்து நிற்காமல் போய்விடும். ஆனால் அந்தத் தோள்கள் இறங்கிய வேகம் அவளைச் சுட்டது. அடிப்பாவி, இதையா எட்டு மாதம் சொல்லிக் கொடுத்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் யார் எழுதிக் கொடுப்பார்கள்? இருபது வயதில்?

அவள் பென்சிலை டப்பாவில் திரும்பப் போட்டாள்.

"கோழிக்குத் தண்ணி வச்சுட்டு வரேன்," என்றாள்.

"அம்மா!"

"இங்கதான்டி இருக்கேன். எங்க போயிடப் போறேன்?"

வலைக்கதவு அவளுக்குப் பின்னால் படாரென்று அடித்துக்கொண்டது. கோழிகளுக்குத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் இருந்தது, காலையிலேயே வைத்ததுதான். அதை வைத்ததே டெல்லாதான். கெண்ட்ரா வாளியைத் தூக்கிக்கொண்டு துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து சமையலறை ஜன்னல் தெரியும். ஜன்னலில் மிசஸ் புரூபேக்கர் தெரியவில்லை, டெல்லாவின் முகமும் தெரியவில்லை. அவளுடைய இடது முழங்கை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதாள். வெய்னுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். "ஒரு வார்த்த எழுதிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும், உனக்கு ஏன்டி இந்த வீம்பு?" என்பான். கேட்பது நியாயம்தான். திரும்பி உள்ளே போய்விடலாமா என்று இரண்டு தடவை அடி எடுத்து வைத்தாள். இரண்டு தடவையும் வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது, நின்றுவிட்டாள். கொடியில் வெய்னின் சட்டைகள் காய்ந்துவிட்டன. அவற்றை எடுத்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கோழிகள் காலைச் சுற்றி வந்து, தீனி இல்லை என்று தெரிந்தும் போகாமல் நின்றன. முழங்கை அசைந்ததா, தன் கண்தான் நீரில் ஆடியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கால் மணி நேரமோ, அதற்கும் மேலேயோ கழித்து வலைக்கதவு திறந்தது. மிசஸ் புரூபேக்கர் புல்லில் இறங்கி வந்தாள். கையில் நான்காக மடித்த தாள்.

"உங்களுக்குத்தான். குடுத்துட்டு வரச் சொன்னா."

கெண்ட்ரா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரித்தாள். முதல் வார்த்தை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது தடவை நின்றிருந்தது. எழுத்து பெரிசு பெரிசாக, இடப்பக்கமாகச் சாய்ந்து, வரியை விட்டு மேலே ஏறிக்கொண்டு போனது. வால்கள் குட்டையாக இருந்தன. நடுவில் கரிக் கை தேய்த்த தடம். அந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

"அம்மா, இப்போ உள்ள வராத. நான் இன்னும் முடிக்கல."

கெண்ட்ரா அதை இன்னொரு முறை படித்தாள். சிரித்துவிட்டாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தாள், கோப்புக்குப் போட வேண்டிய அந்த இன்னொரு கையெழுத்தைப் பற்றி. மிசஸ் புரூபேக்கர் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பைல இன்னொரு துண்டு வெட்டிக்கட்டுமா? அவ முடிக்கிறவரைக்கும் எனக்கு உள்ள வேல ஒண்ணும் இல்ல. பக்கத்துல நின்னா வேற, தாளக் கையால மூடிக்கிறா."

"பெரிசா வெட்டிக்கோங்க," என்றாள் கெண்ட்ரா.

கதவு மறுபடி அடித்துக்கொண்டது. கெண்ட்ரா தாளை மடிக்காமல் பிடித்தபடி நின்றாள். ஜன்னலில் முழங்கை மெல்ல நகர்ந்து சட்டத்தின் ஓரம் வரைக்கும் போனது. வரி முடிந்திருக்க வேண்டும். திரும்பி வந்தது, நின்றது. கெண்ட்ராவின் விரல்கள் காற்றில் பென்சிலைப் பிடிப்பதுபோல் குவிந்தன. முழங்கை அப்படியே நின்றது. ஒரு கோழி அவளுடைய செருப்பு வாரைக் கொத்தியது. பிறகு முழங்கை நகர்ந்தது.