பூச்செடிக்குப் பின்னால்

பஸ் டிரைவருக்குத் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. அவள் நகராட்சியில் தெருக்களை வடிவமைக்கிறவள். எந்தத் தெருவானாலும் முதலில் முட்டி போட்டு நகர்ந்து, ஒரு குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பாள். பிறகு மாமனாரின் கைத்தடியை இரவல் வாங்கி, அவர் வேகத்திலேயே சாலையைக் கடப்பாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பள்ளிக்கூடத் தெருவைக் கண் படுகிற மாதிரி செய்திருந்தாள். அகலமான நடைபாதை, ஒடுங்கிய சாலை, வயசானவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்க நடுவில் ஒரு திட்டு. கடக்கிற இடத்தின் இருபுறமும் இடுப்புயரப் பூச்செடிகள். அந்தச் செடிகளுக்காக மேலதிகாரியோடு அவள் மல்லுக்கட்டியது வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. மறுநாள் திறப்பு. மகளும் தாத்தாவும்தான் முதலில் கடக்கப்போகிறார்கள்.

மாலையில், டிப்போவுக்குத் திரும்பும் காலி பஸ்ஸை டிரைவர் அங்கே நிறுத்தினார். அவள் வழக்கம்போல் செடியோரம் முட்டி போட்டிருந்தாள்.

"என்னங்க, நான் தெரியுறேனா?"

"சத்தம்தான் கேக்குது. ஆளையே காணோம்!"

சிரித்தபடி சொன்னவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளும் எழுந்துவிட்டாள்.

"குழந்தை கண்ணால பாத்தேன், மாமா காலால நடந்தேன். உங்க சீட்டுல ஒரு தடவை உக்காந்து பாக்கலையே! நாளைக்கு நம்ம பொண்ணு இங்கதானே நிப்பா?"

"கொஞ்சம் வெட்டி விட்டா ஆகாதா?"

"திரும்ப வளருமே. புடுங்கணும்."

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் போட்ட சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது.

"தப்பு என்னுதுதான் சார். நாளைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்."

பஸ் மரத்தில் உரசினால் மரத்தைத் திட்டுகிற ரகம் டிரைவர். தானே கேட்டு வாங்கிய செடிகளைத் தன் கையாலேயே அவள் பிடுங்குவதைப் பார்க்க அவருக்கு மலைப்பாக இருந்தது. இறங்கிப்போய் அவரும் மண்வெட்டி பிடித்தார்.

காலையில் மைக் முன்னால் நின்று, சொன்னபடியே சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். அவள் முகம் சிவந்தது, குரல் தடுமாறவில்லை.

அப்போது அவருடைய பஸ் வந்து நின்றது. நடுத்திட்டில் அவருடைய அப்பா தடியூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள். தலை முதல் கால் வரை, அவிழ்ந்து கிடந்த ஷூ நாடாகூடத் தெரிந்தது.

"நாடாவைக் கட்டுடா கண்ணு!" என்று ஜன்னல் வழியே கத்தினார்.