ஒரு வாய் மொச்சைக்குழம்பு

ஒரு வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு, ஜன்னலுக்கு வெளியே மலை வலமிருந்து இடமாகச் சரிகிறது, பள்ளத்தில் ஒரு தேவாலயம், நாலைந்து மாடுகள், காலண்டரில் பார்த்துச் சலித்த அதே பச்சை, மிதுனாவுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது தொண்டை வரை ஏறி நின்று திரும்பவும் இறங்குகிறது, மலைப்பாதைதான், வேறொன்றுமில்லை, ஏற்காடு போனாலும் தனக்கு இப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள், வெனிசில் ஏறி மூன்று மணி நேரம் ஆகிறது, மியூனிக் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம், தோளில் தலையைப் போட்டுச் சிந்துஜா வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்துவிட்டது, தள்ளிவிடவும் தோன்றவில்லை, நடைவழிக்கு அந்தப் பக்கம் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது, எழிலரசி உட்கார்ந்து வரவேண்டிய இருக்கை, அதை மட்டும் மிதுனா பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காகவே மலையைப் பார்க்கிறாள்.

மூன்று பேரும் மியூனிக்கில் முதுகலை படிக்க வந்தவர்கள், மாணவர் விடுதியில் ஒரே மாடி, வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், எந்த ஊர், எந்தப் பேருந்து, எங்கே தங்குவது என்று சிந்துஜா பட்டியல் போட்டு வைத்திருந்தாள், ஒரு நகரத்தைப் பார்த்ததும் அதன் பெயருக்கு நேரே ஒரு டிக், பார்த்தார்களாம், என்னத்தைப் பார்த்தார்கள், பாரிஸ் என்றால் சுரங்க ரயில் படிக்கட்டில் மூத்திர நாற்றம், அந்தப் படிக்கட்டிலேயே ஓரமாக நின்று முடியைச் சிலுப்பி முப்பது படம், இன்னொண்ணு எடு புள்ள, கண்ண மூடிட்டேன் என்பாள் சிந்துஜா, சால்ஸ்பர்க்கோ வேறெதுவோ, ஓர் ஆற்றுப் பாலம், கம்பியெல்லாம் துருப்பிடித்த பூட்டு, அதன் மேல் புறா எச்சம், அதையும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு சித்தி சொர்க்கம் மாதிரி இருக்குது கண்ணு என்று பதில் போட்டாள், கருமம், சொர்க்கத்தில் பாதிப் பொழுது கழிப்பறை தேடியே போயிற்று, இதெல்லாம் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது, இப்போது நினைத்தால் எல்லா ஊரும் ஒன்றாகக் குழைந்து ஊசிப்போன சாம்பார் போல மணக்கிறது. அப்படி மணக்கத் தொடங்கியது பிராகுக்குப் பிறகுதான்.

பிராகுக்கு முன்னால் நவம்பர் இருந்தது, அந்த நவம்பரில் மிதுனாவுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் தலை தூக்க முடியவில்லை, பக்கத்து அறை எழில்தான் பார்த்துக்கொண்டாள், திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, வந்து ஒரு மாதம்கூட ஆகாத பழக்கம், சட்டியை எடுக்க நேரமில்லாமல் மிதுனா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தபோது இரண்டு கையையும் குவித்து ஏந்திவிட்டாள், சுடச்சுட, கையில், ஐயோ எழில், உனக்கு அருவருப்பா இல்லையாடி என்று மிதுனா அழுதாள், இன்னாத்துக்குடி அருவருப்பு, நீ தின்ன கஞ்சிதானே என்று அவள் போய்க் கைகழுவி வந்து மறுபடி கஞ்சி வைத்தாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள், மிதுனா விழுங்கினாள், அந்தக் கையிலிருந்து விழுங்கினாள், அப்போது தொண்டை ஒன்றும் அடைக்கவில்லை, அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் வாடகைக்கு எடுத்த வீட்டுச் சமையலறை எழிலுடையது, குக்கரை ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வருவாள், சால்ஸ்பர்க்கில் பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ளே மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு ஒரு குழம்பு வைத்தாள், சிந்துஜா சட்டியைச் சோறு போட்டுத் துடைத்துத் தின்றாள், எங்கம்மா கையில கூட இந்த ருசி இல்ல புள்ள என்றாள், விரலைச் சூப்பினாள், மிதுனா கண்ணால் பார்த்தாள்.

பிராகில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எழில் வெங்காயம் வதக்குகிறாள், சிந்துஜாவின் அம்மா கோபியிலிருந்து வீடியோவில் வருகிறார், யாரு சாமி அது, மணக்க மணக்கச் சமைக்கிறது, எந்தூருங் அம்மிணி என்கிறார், எழில் கரண்டியோடு திரும்பிச் சிரித்து ஊர்ப்பெயர் சொல்கிறாள், அப்படீங்களா, ஊருக்குள்ளயா, தள்ளியா என்று அடுத்த கேள்வி, இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள், எழிலுக்குக் கூச்சம் எதுவுமில்லை, காலனிங்க ஆன்ட்டி, அம்பேத்கர் நகர் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள், கருகக் கூடாதே, கண்ணு, போனக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போ என்றது அம்மாவின் குரல், சிந்துஜா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது, தலை வலிக்குது, எனக்கு வேண்டாம் என்றாள், ஆற்றோரம் போய் வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள், ஒருவன் நின்றுகொண்டே பாலத்தடியில் பீரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான், அவனிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு கூச்சமும் இல்லாமல், ரொட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கேதான் மிதுனாவைத் தனியாக இழுத்துச் சொன்னாள், நம்ம பக்கத்துப் பொண்ணுன்னுதான் உங்கிட்டச் சொல்றேன் புள்ள, நான் அதெல்லாம் பாக்குறவ இல்ல, உனக்கே தெரியும், ஆனா அம்மா சொன்னதிலிருந்து என்னமோ ஒரு மாதிரி இருக்குது, அத்தனை நாள் தின்னதெல்லாம் நெனச்சா குமட்டுது, அது என்ற தப்பா சொல்லு, மிதுனாவுக்குப் பளீரென்று ஒன்று விட வேண்டும் போல இருந்தது, வாய் மட்டும் ம் என்றது, ஒரே ஒரு ம், ராசிபுரத்தில் அவள் வீட்டிலும் இதே பேச்சுதான், விமான நிலையத்தில் அம்மா காதோடு சொல்லி அனுப்பியதும் யாரு என்னன்னு பாத்துப் பழகு சாமி என்றுதான், சிந்துஜாவைப் பகைத்துக்கொண்டால் கோபியிலிருந்து ராசிபுரத்துக்குச் சேதி போக எத்தனை நேரம் ஆகும், அதனால் ம். அடுத்த வாரமே சிந்துஜா தேனாகப் பேசினாள், எழில், நீ பாவம்டி, எப்பவும் நீயே அடுப்படியில நிக்குற, இனிமே நாங்க ரெண்டு பேரும் சமைக்கிறோம், நீ ரெஸ்ட் எடு, அப்புறம் பாத்திரம் கழுவுற தொல்லை வேண்டாம், பேப்பர் பிளேட் வாங்கிக்கலாம், எல்லாருக்கும், பார்த்தீர்களா சாமர்த்தியத்தை, ஒருத்திக்கு மட்டும் என்றால் யாராவது கேட்பார்கள், எல்லாருக்கும் என்றால் யார் வாயைத் திறப்பது, அந்தத் தட்டுக் கட்டைச் சுமந்து வரும் வேலை மிதுனாவுக்கு, வியன்னா, புடாபெஸ்ட், சூரிச், எங்கே போனாலும் அவள் முதுகில் அந்தக் கட்டு, அவளே கடையில் எடுத்து அவளே பிரித்து அவளே எழில் கையில் நீட்டினாள், எழில் வாங்கிக்கொண்டாள், தாங்க்ஸ்டி என்றாள், த்தூ, அந்தத் தாங்க்ஸை நினைத்தால் இப்போதும் தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நேற்றுத்தான் அது, நேற்றா, போன ஜென்மமா, வெனிஸ், பச்சையாகத் தேங்கிய தண்ணீர், வெயில் ஏற ஏற அதிலிருந்து எழும்பும் வாடை, அதன் மேல் படகில் மிதந்தபடி முத்தமிட்டுக்கொள்ளும் கூட்டம், இவர்கள் தங்கியது பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேவில், எழிலுக்கு ஹாம்பர்கில் வேலை கிடைத்த கடிதம் வெள்ளிக்கிழமை வந்திருந்தது, இன்னைக்கு என் ட்ரீட், ஒருத்தியும் அடுப்பாண்ட வரக்கூடாது என்று விரட்டிவிட்டுக் காலையிலேயே நின்றாள், மொச்சை, கத்திரிக்காய், அதே குழம்பு, அந்த வீட்டுப் பீங்கான் தட்டு மூன்றை எடுத்துக் கழுவி வைத்தாள், சனிக்கிழமையாச்சேன்னு சைவமா வச்சேன் சிந்து என்றாள், ஐயோ, நான் பெருமாளுக்கு விரதம் புள்ள, தண்ணி மட்டும்தான் என்றாள் சிந்துஜா, போன சனிக்கிழமை பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டவள், பெருமாள் பாவம், எழில் கரண்டியில் மொண்ட குழம்போடு மிதுனாவின் பக்கம் திரும்பினாள், நீ உக்காருடி என்றாள், ஆவி பறக்கிறது, சிந்துஜா பார்த்துக்கொண்டிருக்கிறாள், மிதுனா சொல்கிறாள், எனக்கும் வயிறு சரியில்லடி, சொல்லிவிட்டாள், நிற்காமல், திக்காமல், பழகிய பொய்போல. எழில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சிந்துஜா குளிக்கப் போனபோது எழில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தட்டு எதுக்கு மாறுச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி, எங்க ஊரு டீக்கடையில நான் பாக்காத வித்தையா, அவள உடு, அவ அவ்ளோதான், உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், பயந்துக்கினு சாப்பிடலையா, இல்ல உனக்கும் குமட்டுதா, மிதுனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பயந்துட்டேன்டி, சத்தியமா பயந்துட்டேன், வீட்டுக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாங்கடி என்று அழுதாள், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள், எழில் தன் துப்பட்டாவால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள், பயம்னா பரவாயில்ல, பயம் போயிடும் என்றாள், மன்னித்துவிட்டாள், அவ்வளவு சுளுவாக, இன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு, அவகூட ஏழு மணி நேரம் என்னால உக்கார முடியாது, நான் ரயில்ல வரேன் என்று கிளம்பியவள், மிதுனாவை வாசலுக்குக் கூப்பிட்டு ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கையில் திணித்தாள், நேத்துக் குழம்புதான், சோறு பிசைஞ்சு வச்சிருக்கேன், பழைய குழம்புதான் இன்னும் ருசி, அவ இல்லாத நேரமாப் பாத்துச் சாப்பிடு, உன்னை மாட்டிவிடமாட்டேன் என்று கண்ணடித்தாள். மடியில் பைக்குள் அந்த டப்பா இருக்கிறது, மூன்று மணி நேரமாக இருக்கிறது.

பேருந்து நிற்கிறது, ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க், அரை மணி நேரம் என்கிறார் ஓட்டுநர், சிந்துஜா முழித்து, மலையை வச்சு நாலு போட்டோ எடுத்துட்டு வந்தர்றேன், நீ வர்லியா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறாள், மிதுனா இறங்கி அந்தப் பக்கம் மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள், சுற்றிலும் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இல்லை, ராசிபுரம் எங்கேயோ கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை, சின்னப் பிள்ளைபோல மகிழ்ச்சியாகக்கூட இருந்தது, டப்பாவைத் திறந்தாள், குழம்பு சோற்றில் ஊறி, மேலே எண்ணெய் மினுங்க, மொச்சை முழுசு முழுசாக, வாசனைக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது, பசி வேறு, நேற்றிலிருந்து ஒழுங்காகத் தின்னவில்லை, இப்போது சாப்பிடுவேன், முழுசும் சாப்பிடுவேன், ராத்திரி அவள் அறைக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவேன், ஒரு வாய் அள்ளி வைத்துக்கொண்டாள், மென்றாள், ருசிதான், அதே ருசி, அப்போது இதைப் பிசைந்த கை நினைவுக்கு வந்தது, கழுவிச் சிவந்த சுத்தமான கை, தன் வாந்தியை ஏந்திய கை, அம்பேத்கர் நகர் என்று உள்ளே யாரோ சொன்னார்கள், சிந்துஜாவின் அம்மா இல்லை, தன் அம்மாவும் இல்லை, தன் சொந்தக் குரலேதான், தொண்டை மூடிக்கொண்டது, விழுங்கப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், முடியாமல் உள்ளங்கையில் துப்பினாள். நேற்றுக் கரண்டி கிட்டே வந்தபோதும் இதேதான் வந்தது, பொய் என்று நினைத்துக்கொண்டு வயிறு சரியில்லை என்று அவள் சொன்னது பொய்யே இல்லை, பயம் என்று அழுதாளே, அதுதான் பொய், அதற்குத்தான் மன்னிப்பும் வாங்கியிருக்கிறாள்.

டப்பாவைக் குப்பைத் தொட்டியில் தட்டினாள், மொச்சை ஒன்று விளிம்பில் ஒட்டிக்கொண்டது, அதை விரலால் தொடாமல் ஒரு காகிதத்தை எடுத்துத் தள்ளினாள், தள்ளிய பிறகுதான் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்விட்டே சொன்னாள், பக்கத்துப் பெஞ்சுக் கிழவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார், பையில் போன் அதிர்ந்தது, எழில்தான், சாப்ட்டியாடி என்று கேட்டிருந்தாள், மிதுனா இடது கையால் அடித்தாள், சாப்ட்டேன்டி, ஒரு பருக்கை கூட விடல, அனுப்பினாள், உடனே பதில் வந்தது, அப்போ ராத்திரி நேரா என் ரூமுக்கு வந்துடு, சோறு வடிச்சு வைக்கிறேன், ஒரே தட்டுல சாப்பிடலாம். பேருந்து கிளம்பாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது, வளைவு ஒன்றும் இல்லை, சமதரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திரும்பவும் குமட்டியது.